கேஸுக்குப் பயந்து கண்ணைக் கொடுத்தோம்

"ஏ புள்ள, இன்னமும் விடியலையா?" என்று என் கணவர் கேட்டபோது வாசலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். எழுந்தவர், கதவென்று நினைத்துச் சுவரில் போய் முட்டினார். பிறகு வாந்தி. ஓடி வந்தவர்போல மூச்சு இரைத்தது.

அவர் அறந்தாங்கியில் ஒரு மரப்பட்டறையில் பீரோ, நாற்காலிகளுக்கு மெருகு போடுகிறவர். மதுவிலக்கு வந்ததும் சாராயக்கடையை மூடினார்கள். குடியை யார் மூடினார்கள்? மருந்துக்கடை வாசலில் இஞ்சி டிங்சருக்கு (சாராயத்தில் ஊறவைத்த வயிற்றுவலி மருந்து) ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அத்தனை பேருக்கும் சாயங்காலம்தான் வயிறு வலிக்கும். அது கிடைக்காத நாளில் பட்டறையில் மெருகுக்குக் கலக்கும் ஸ்பிரிட். ஊருக்கே தெரியும். கேட்டால், "எங்க ஊர்ல குடியே இல்லைங்க" என்பார்கள்.

முந்தின சாயங்காலம் இவரும் ஸ்பிரிட் வாடையோடுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய அண்ணனிடம் ஓடினேன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் மாமா, ஸ்பிரிட்டு குடிச்சிருக்காரு" என்றேன்.

"கத்தாத. போலீஸ் வந்தா கேஸ் ஆயிரும். சூடுதான், எண்ணெய் தேச்சு விடு."

மாமியார், பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கிவந்து கண்ணில் விட்டார். நான் ஐந்தாவதோடு நின்றவள், எதற்கும் பதறுகிறவள். "இவ கோழி கத்துனாலும் பயப்படுவா" என்று சிரித்தார்கள். அப்படிச் சிரித்தே என் வாயை அடைத்தார்கள்.

பொழுது சாயும்போது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். அதற்கப்புறம்தான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கார் பேசினார்கள்.

"என்ன சாப்பிட்டாரு?" என்றார் டாக்டர்.

"பழைய சோறுங்க. வெயில்ல அலைஞ்சுட்டான்" என்றார் அண்ணன்.

டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

அண்ணன் என்னை முறைத்தார். "ஸ்பிரிட்டு குடிச்சாருங்க. மரத்துக்குப் போடுறது. நேத்துச் சாயங்காலம்."

"நான் என்ன போலீஸாய்யா?" என்று டாக்டர் அண்ணன்மேல் பாய்ந்தார். "காலையிலயே தூக்கிட்டு வர வேணாமா?"

சோடா உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றினார்கள் (ரத்தத்தில் ஏறிய புளிப்பைத் தணிக்க). கண்ணைக் கட்டி வைத்தார்கள். உயிர் தப்பியது. கட்டை அவிழ்த்தபோது ஓரத்தில் மட்டும் மங்கலாக ஏதோ தெரிந்தது. நடுவில் வெறும் புகை. பார்வை நரம்பு கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர்.

"உசுரு இருக்கு, கேஸும் இல்ல. சந்தோசப்படு" என்றார் அண்ணன்.

"ஒங்க கண்ணைக் குடுங்க மாமா, சந்தோசப்படுறேன்" என்றேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நல்லதாகப் போயிற்று.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் சாயங்கால வயிற்றுவலிக்காரர் இருக்கலாம். ஒருநாள் கண் மங்குகிறது என்பார். எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்காராதீர்கள். குடித்தது இன்னதென்று டாக்டரிடம் உடைத்துச் சொல்லுங்கள். மானம் போகும் என்பார்கள். போகட்டும்.

இப்போது என் கணவர் குடிப்பதில்லை. முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால்தான் என்னைப் பார்க்கிறார். நேராகப் பார்த்தால் நான் இல்லை. இந்தச் சில வருஷங்களில் என் முன்தலை நரைத்துவிட்டது. சொன்னால் நம்பவில்லை. கையைப் பிடித்துத் தலையில் வைத்தேன். விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, "கறுப்பாத்தான் இருக்கு" என்றார்.