செவலையின் கால்

நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடையில், குளத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் அத்தை, அய்யாவின் தங்கை, உச்சிவெயிலில் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் வளர்த்த செவலை நாயும் கூட வந்தது. நாயை ஏற்ற முடியாது என்று பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டாராம். அதை விட்டுவிட்டு வர அவளுக்கு மனசில்லை. விளாத்திகுளம் தாண்டி எங்கள் ஊர் வரைக்கும் தார் ரோட்டில் நடந்திருக்கிறாள், செருப்புகூட இல்லாமல்.

செவலை ஓரிடத்தில் நில்லாத நாய். குளத்தூர் உப்பளத்தில் ஓடி ஓடி அதன் பாதம் ஏற்கெனவே வெடித்திருந்தது. இப்போது தார்ச்சூட்டில் அடித்தோல் வெந்து உரிந்து தொங்கியது. அத்தையின் பாதங்களும் கொப்புளித்திருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். உட்காரச் சொன்னதற்கு அத்தை கேட்கவில்லை.

"எனக்குப் பெறகு பாக்கலாம் மைனி. மொதல்ல இதுக்குக் கொஞ்சம் வெந்நி குடுங்க."

விரலிடுக்கில் ஒட்டியிருந்த தாரையும் மண்ணையும் கழுவினாள். ஈரம் போக ஒற்றி எடுத்து, மஞ்சள் குழைத்த வேப்பெண்ணெய் தடவி, எங்கள் பருத்திக் காட்டுப் பஞ்சை மேலே வைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் இறுக்காமல் கட்டினாள். காலையிலும் சாயங்காலமும் கட்டு மாற்ற வேண்டும். நான்தான் பஞ்சு எடுத்துக் கொடுப்பேன். நாயை வெளியே விடுமுன் அவளே முதலில் தரையில் வெறுங்காலோடு நின்று பார்ப்பாள். சூடு பொறுக்கிறதென்றால்தான் அதைக் கூப்பிடுவாள்.

எப்போது ஊருக்குப் போகிறாய் என்று அய்யா கேட்டார். பாசம் இல்லாதவர் இல்லை. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் தங்கினால் ஊர் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

"இதுக்குக் கால் ஆறட்டும்ண்ணே. ஆறுனதும் போயிருதேன்" என்றாள்.

சில நாள் கழித்து, செவலையின் பின்னங்காலில் சீமைக்கருவேல முள் ஒன்று ஆழமாக ஒடிந்திருப்பது தெரிந்தது. அத்தை அதன் தலையை மடியில் பிடித்துக்கொள்ள, அய்யா ஊக்கால் நெம்பி முள்ளை எடுத்தார். வேர்வை கண்ணில் இறங்க, துடைப்பதற்காக வெடுக்கென்று கையைத் தூக்கினார். செவலை அசையவில்லை. அத்தைதான் குனிந்து முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

முள்ளுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. தூக்கிய கையை அய்யா மெதுவாக இறக்கினார். அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு எப்போது போகிறாய் என்று அய்யா கேட்கவே இல்லை.

புண் ஆறி, புதுத்தோல் தடித்தது. பருத்தி எடுத்தபின் வெறும் மார்க்குச்சி நின்ற காட்டில் செவலை எலி விரட்ட ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் ஒரு காலையில் அத்தையைக் கூட்டிப்போக மாமாவும் அவருடைய அண்ணனும் வந்தார்கள். எனக்கு மாமாவைப் பிடிக்கும். எப்போது வந்தாலும் கடலைமிட்டாய் வாங்கி வருவார். அன்றைக்கும் கொடுத்தார்.

அய்யா எழுந்து நின்றுகொண்டே பேசினார். "நாயிக்கு இன்னும் கால் ஆறல மாப்பிள்ளை."

"நாயி இங்கனயே கெடக்கட்டும். அவளை அனுப்புங்க மச்சான்."

"ஆறாம அனுப்ப மாட்டேன்" என்றார் அய்யா.

அந்த நேரம் பார்த்து செவலை காட்டிலிருந்து பாய்ந்து ஓடி வந்தது. மாமாவைக் கண்டதும் அத்தைக்கு முன்னால் போய் நான்கு காலையும் ஊன்றி நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். அய்யா சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. மாமாவின் அண்ணன் தம்பியின் தோளைத் தொட்டார். இருவரும் திரும்பி நடந்தார்கள். அத்தை அதன்பின் குளத்தூர்ப் பக்கமே போகவில்லை.

அன்று முழுக்க எனக்குப் பொறுக்கவில்லை. செவலையின் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அம்மாவிடம் காட்டினேன், அத்தையிடம் காட்டினேன். எங்கேயும் புண் இல்லை. இவ்வளவு நன்றாக ஆறிய பிறகும், கடலைமிட்டாய் வாங்கி வந்த மாமாவிடம் அய்யா எதற்காகப் பொய் சொன்னார் என்று கேட்டேன்.