நெல் காய்ந்த ஓடுபாதை

காலை எட்டு மணிக்கு சலீமின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "சார், அத்தா மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். வந்துடுங்க சார்." மூலக்குளத்தில் பால் பாக்கெட்டோடு சாலையோரம் நின்றிருந்தேன். "எந்த அத்தாம்மா?" என்று கேட்டுவிட்டேன். முந்தின நாள் மாலை என்னோடு தேநீர் குடித்தவர் அவர். மனம் வேறு யாரையோ தேடியது.

வில்லியனூரில் அவரைக் கேப்டன் பாய் என்றால்தான் தெரியும். மளிகைக் கடைக்காரர் மகன். முப்பது ஆண்டுகள் விமானம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். நான் செலியமேட்டில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே வயது. அவருக்கு நான் வாத்தியார், எனக்கு அவர் பாய்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்ததை ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினால்கூடப் பெயர், அளவு, தேதி மூன்றையும் வாய்விட்டுப் படிப்பார். கடைக்காரர் ஒருநாள் கேட்டார்: "இன்னா பாய், பிளேனா ஓட்டப் போறீங்க? மாத்திரதான?"

"பிளேன்ல பக்கத்துல ஒருத்தர் பாத்துகினு இருப்பாங்கபா. இங்க நான் ஒருத்தன்தான்."

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை செலியமேட்டுச் சாலையில் தெரிந்துகொண்டேன். அறுவடைக் காலம். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவர், நிறுத்தச் சொல்லி என் தோளை அழுத்தினார். சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. இறங்கி, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் சத்தம் போட்டாள்.

"இன்னா பாய், வேடிக்க பாக்கறீங்க? வண்டிய ஓரமா வுடச் சொல்லுங்க. நெல்லு மேல ஏத்திடப் போறாரு."

"நான் ஒரு தடவ ஏத்த இருந்தேன்மா" என்றார் சலீம். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் அந்தக் கதையை எனக்குச் சொன்னார்.

வானம் தெளிவாக இருந்தால், ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே இறங்க விமானிகளுக்கு அனுமதி உண்டு. ஆபத்தும் அங்கேதான் என்பார் அவர். வில்லியனூர்த் தேர்க் கூட்டத்தில் சேலை நிறத்தை மட்டும் பார்த்து, மனைவி என்று நினைத்து வேறொருவர் பின்னால் பத்தடி போயிருக்கிறோம் அல்லவா? அது போலத்தான்.

அவர் நெல்மேல் ஏற்ற இருந்த அன்றும் தெளிவான மாலை. வெயில் விமானத்துக்குப் பின்னால். ஓடுபாதை தெரிகிறதா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கேட்டார்கள். நீளமாக, ஏறக்குறைய சரியான திசையில் ஒன்று கீழே கிடந்தது. "தெரிகிறது" என்றார் சலீம். இறங்க அனுமதி கிடைத்தது. அவர் கண்டது, விமான நிலையத்துக்குச் சில மைல் முன்னால், போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட பழைய தளம்.

தூரம் காட்டும் கருவி, இன்னும் ஆறு மைல் என்றது. கருவி பிசகுகிறது என்று நினைத்தார். விமானம் கண்ணில் படவில்லையே என்றார் கோபுரத்தில் இருந்தவர். அங்கிருந்து பார்க்க எதிர்வெயில் என்று நினைத்தார் சலீம். பக்கத்து இருக்கையில் துணை விமானி மலர்விழி, தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி மகள், பணிக்கு வந்து இரண்டாம் ஆண்டு.

"சார், ரன்வே முனையில நம்பரக் காணோமே."

"சாயம் போயிருக்கும். பேசாம இரும்மா."

ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன்மேல் பழுப்பாகத் திட்டுத் திட்டாக ஏதோ தெரிந்தது. பழுதுபார்த்த இடம் என்று நினைத்தார். பின்னால் நூறு பேருக்கு மேல் இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், அது நெல்லு. காயப் போட்டிருக்காங்க. பொம்பளைங்க நிக்கிறாங்க. ஏறுங்க சார்."

"அந்தப் பொண்ணு சொன்னப்புறம்தான் எனக்கு நெல்லு தெரிஞ்சுது வாத்தியாரே. அதுவரைக்கும் அது சிமெண்ட்டுதான்" என்றார் சலீம் என்னிடம்.

முழு விசை கொடுத்து மேலே இழுத்தார். இரண்டு தென்னை உயரம்தான் மிச்சம் இருந்ததாம். நெல் வாரியடித்துப் பறந்தது. ஒரு பெண் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அந்த முதுகு மட்டும் கடைசி வரை அவர் நினைவில் இருந்தது.

சரியான நிலையத்தில் இறங்கியதும் பயணிகள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கோபுரத்துக்கு எதுவும் தெரியவில்லை. "ரிப்போர்ட்ல என்ன சார் எழுதப் போறீங்க?" என்று கேட்டாள் மலர்விழி. கேப்டனை எதிர்த்துப் பேசிய புதியவள் என்று பெயர் வந்தால் வேலை போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். மறைத்தால் தன் இருக்கை தங்கும். தவறு தன்னுடையதுதான் என்று எல்லாவற்றையும் எழுதினார். கேப்டன் இருக்கை போய், ஓராண்டு துணை விமானியாகவே பறந்தார்.

"மலர்விழி ரெண்டு தடவ சொன்னாங்க, மொத தடவ நான் வாய மூடச் சொன்னேன்னு எழுதினேன் வாத்தியாரே. ஒரு தடவன்னு எழுதியிருந்தா எனக்கு லேசா முடிஞ்சிருக்கும். ஆனா பக்கத்து சீட்டுல உக்கார்ற அடுத்தவன் எவனாவது, கேப்டன்கிட்ட ஒரு தடவ சொன்னா போதும்னு நெனச்சுடுவான் இல்ல?"

அதன் பிறகுதான் அந்தப் பழக்கம். திசை, தூரம், எண். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லாமல் அவர் எங்கேயும் இறங்கியதில்லை. "ரெண்டு சரியா இருந்தா மனசு மூணாவதயும் சரி பண்ணிடும். அத வுடக்கூடாது."

நாற்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவன் நான். எனக்குத் தெரிந்த விடையைப் பையன் எழுதாத வரியிலும் படித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். சலீமிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது ஒன்றுதான்: உறுதியாகத் தெரிந்ததையும் இன்னொரு முறை உரக்கப் படிப்பது.

மகள் கூப்பிட்ட அன்று வில்லியனூர்ப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. தெரிந்த முகங்கள். உள்ளே போகாமல், சுவரில் இருந்த அறிவிப்புப் பலகை முன் நின்றேன். சாக்பீஸ் எழுத்து. வாய்விட்டுப் படித்தேன். பெயர், சலீம். தகப்பனார், காதர் மைதீன். அங்கே நிறுத்திக்கொண்டேன். தெருவாவது வேறாக இருக்கட்டும் என்று மனம் கெஞ்சியது. பிறகு அதையும் படித்தேன்.

மூன்றும் சரியாக இருந்தன.