திருச்சியிலிருந்து வந்த பாரம்பரியம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. திருச்சியிலிருந்து பெரம்பலூர் வரும் பஸ்ஸில், மடியில் மூன்று கிலோ வரகரிசியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "சுகருங்களா?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

"இல்லீங்க... பாரம்பரியம்" என்றேன்.

அது என்ன வியாதி என்று அவருக்குப் புரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கே புரியாமல்தான் இருந்தது. இதை உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். சொன்னால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும். வரட்டும்.

என் அக்கா பெண் காயத்ரி சென்னையில் கல்லூரி படிக்கிறாள். செமஸ்டர் முடிந்த கையோடு ஆறு வாரப் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். நாம் சாப்பிடுவது எங்கே விளைகிறது, எப்படித் தட்டுக்கு வருகிறது என்று இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி. நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். குன்னம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஒரு விவசாயி வீட்டில் தங்க வேண்டும். அந்த வீட்டில் தினமும் என்ன சமைக்கிறார்கள், அது எங்கிருந்து வந்தது, அவர்கள் விளைவித்தது எங்கே போனது... எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். கடைசியில் சர்ட்டிபிகேட்.

"உன் ஊர்ப் பக்கம்தான்டா, பாத்துக்க" என்றாள் அக்கா போனில்.

பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? அந்தப் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றி இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் நான் எழுதியிருக்கிறேனே! கம்மங்கூழ் மணக்கும் தெருக்கள், வரகுச் சோறு வேகும் மண்பானைகள்... பல பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். ஒருவர், படிக்கும்போதே பசித்தது என்றுகூட எழுதியிருந்தார்.

முதல் வாரம் முடிவில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து காயத்ரி பேசினாள்.

"மாமா, இங்க கம்பும் இல்ல, வரகும் இல்ல. காலையில இட்லி. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு. ராத்திரிக்கு அதுல மிச்சம். குழந்தைக்கு நூடுல்ஸ். நான் என்னத்த எழுதறது?"

"நீ சரியாப் பாத்திருக்க மாட்ட" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா மாமா?"

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! நான் அந்தக் கிராமத்துக்குப் போனதே இல்லை. என் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதியதுதான் எல்லாம். மன்னிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு கிளம்பிப் போனேன். அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி ராசாத்தி. முப்பது வயதிருக்கும். கணவர் செல்வராசு. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். இரண்டு கறவை மாடு. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

"வரகெல்லாம் இப்ப யாரு சார் போடறா?" என்றாள் ராசாத்தி. "அத குத்திப் பொடைச்சு எடுக்கறதுக்குள்ள இடுப்பு வுட்டுரும். ரேசன் அரிசின்னா ஒலையில போட்டமா, காட்டுக்குப் போனமான்னு இருக்கலாம்."

நான் தலையாட்டினேன். மண்பானை இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை.

அப்போதுதான் பயிற்சியின் ஒருங்கிணைப்பாளர் வந்தார். கதர் ஜிப்பா, தாடி, தோளில் ஜோல்னாப்பை. ஆறாவது வாரம் சென்னையிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்களாம். கிராமத்திலேயே பாரம்பரிய உணவு விழாவாம். ராசாத்தி வீட்டில் வரகு சமைக்க வேண்டுமாம்.

"ஊருல வரகு இல்லீங்களே" என்றாள் ராசாத்தி.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், நீங்க திருச்சிப் பக்கம் போவீங்கல்ல?"

அப்படித்தான் நான் பாரம்பரியத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை ஒத்திகை. ராசாத்தி வரகு சமைத்ததே கிடையாது. எவ்வளவு தண்ணீர் வைப்பது? பாக்கெட்டின் பின்பக்கத்தை காயத்ரி சத்தமாகப் படித்தாள். முதல் உலை களியாகப் போனது. அதை மாடு சாப்பிட்டது... கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான். இரண்டாவது உலை தேறியது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா, மைக். விருந்தினர்கள் வாழையிலையில் வரகுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்கள். "இந்த மண்ணோட ருசியே தனி" என்றார் ஒருவர். நான் குனிந்து ரசத்தைத் துழாவினேன். ஊர்க்காரர்களுக்கு ருசி பிடித்ததோ என்னவோ, பாதிப் பேர் அரிசிச் சோறு கிடைக்குமா என்று கேட்டார்கள்.

அப்புறம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவிகள் பேச வேண்டும். காயத்ரி பேச வேண்டியதை ஒருங்கிணைப்பாளரே டைப் அடித்துக் கொடுத்திருந்தார். அவள் அந்தத் தாளை நாலாக மடித்தாள். நோட்டைத் திறந்தாள்.

படித்தாள்.

"இந்த வீட்ல நல்ல வெங்காயம் எல்லாம் திருச்சி மண்டிக்குப் போகுது. வீட்டுக் குழம்புக்குப் பொடிசும் அடிபட்டதும்தான். மக்காச்சோளம் லாரியில கோழித் தீவனத்துக்குப் போகுது. கோழிப் பண்ணையிலேர்ந்து முட்டையா இந்த ஊர்க் கடைக்கு வருது. அரிசி ரேஷன் கடை. இன்னிக்கு நாம சாப்பிட்ட வரகு, வெள்ளிக்கிழமை பஸ்ல திருச்சியிலேர்ந்து வந்தது. வாங்கிட்டு வந்தது எங்க மாமா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுத்தாளன் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்சம் தயங்கினாள்.

"ரெண்டு மாட்டுப் பாலும் ரெண்டு வேளையும் கேன்ல சொசைட்டிக்குப் போயிடுது. வீட்ல எல்லாருக்கும் வரக்காப்பி. பாப்பாவுக்கும் வரக்காப்பிதான். ஆறு வாரத்துல பாப்பா பால் குடிச்ச நாள்னு நான் எழுதினது ரெண்டு. ரெண்டு நாளும் சொசைட்டி வண்டி வரல."

செல்வராசு தன் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் பாய்ந்து வந்து மைக்கை வாங்கி, மாணவிக்கு இன்னும் அனுபவம் போதாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு தாடியைத் தாண்டி வரவில்லை.

எனக்குக் கோபம். ஆறு வாரம் சோறு போட்ட வீட்டை ஊர் நடுவில் வைத்து இப்படியா? ராசாத்தியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று அவள் வீட்டு அடுப்பங்கரைப் பக்கம் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பொண்ணு... தெரியாம படிச்சிட்டா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

ராசாத்தி நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாம எங்க சார் படிச்சிச்சு? நேத்தே எங்கிட்ட கேட்டுச்சு. பாலு விசயத்த வுட்டுரட்டுமா அக்கான்னு. நாந்தான், அதக் கண்டிப்பா படின்னேன்."

"நீங்களா?"

"புள்ளைக்கு அரை டம்ளர் எடுத்து வைங்கன்னு ஒரு வருசமா சொல்றேன். இவரு காதுல ஏறல. கேன் கொறஞ்சா சொசைட்டியில கேப்பாங்களாம்." அவள் தண்ணீரைக் கொட்டினாள். "மைக்குல சொன்னாலாச்சும் ஏறுதான்னு பாப்போம்னுதான்..."

அந்தப் பயிற்சியில் யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சர்ட்டிபிகேட் வந்தது. மற்ற மாணவிகளுக்கு 'மிகச் சிறப்பு'. காயத்ரிக்கு 'திருப்திகரம்'. அக்கா போன் செய்து, "என்னடா பாத்துக்கிட்ட நீ?" என்று திட்டினாள். காயத்ரியோ வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பாப்பாவுக்கு லெட்டர் போட்டிருக்கிறாளாம். பாப்பாவுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த ஊர்ப் பால் சொசைட்டியைப் பார்த்துக்கொள்பவராம்.

"ஒங்க அக்கா பொண்ணு ஊருக்குப் போயிருச்சுங்களா?"

"போயிட்டாளே. ஏன்?"

"இல்ல... அடுத்த வருசமும் இந்த மாதிரி யாராச்சும் வருவாங்களான்னு கேக்கலாம்னு" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த மீட்டிங்லேர்ந்து கேன் நிறைய மாட்டேங்குது சார். செல்வராசு வூடு மட்டுமில்ல, அந்தத் தெருவே கம்மியாத்தான் ஊத்துது. என்னய்யா ஆச்சு, பாலு எங்கன்னு கேட்டா..."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திருட்டுக் கேஸ் கொடுக்க வந்தவர் மாதிரி சொன்னார்:

"புள்ளைங்க குடிக்குதாம் சார்!"