வெள்ளிக் கட்டும் ஜெப எண்ணெயும்

"காலை எடுத்துவிட வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 2003, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம், உபவாச நாட்கள். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர், சர்க்கரை நோயாளி. வலது பாதத்தில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் சீழ் வைத்துவிட்டது. பிரேக் மிதிக்கிற கால் அது. கால் போனால் ஆட்டோ போகும், ஆட்டோ போனால் மனுஷன் உடைந்துபோவார். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சின்ன வீட்டில் நான் அழாத மூலை கிடையாது.

கடைசி முயற்சியாக டாக்டர் ஒரு புதுக் கட்டுப் போட்டார். கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்கள் அதில் இருக்கிறதாம், கிருமியைக் கொல்லுமாம். சில நாள் கழித்துப் பிரித்தால் புண் அப்படியே இருந்தது.

"ஏனம்மா இது, ஒரே எண்ணெய்ப் பிசுக்கு?" என்றார் நர்ஸ்.

வேறு யார், நான்தான். சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தினமும் கட்டின் ஓரத்தைத் தூக்கிப் புண்ணில் விட்டுவந்தேன். விசுவாசத்தோடுதான் செய்தேன்.

"எண்ணெய் பட்டா வெள்ளி வேலை செய்யாதும்மா" என்றார் டாக்டர். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எண்ணெயை நிறுத்தினால் அவிசுவாசமா? நிறுத்தாவிட்டால் கால் போய்விடுமா? பாஸ்டரைக் கேட்கவும் பயம். "ஆண்டவரே, நீரே சொல்லும்" என்று முழங்காலில் கிடந்தேன். சத்தமும் வரவில்லை, தரிசனமும் வரவில்லை. எழுந்தபோது ஒரு நினைப்பு மட்டும் வந்தது. நெற்றியில் பூசினாலும் அது அவர் உடம்புதானே, புண் எங்கே இருக்கிறதென்று ஆண்டவருக்குத் தெரியாதா? அன்றிலிருந்து நெற்றியில் மட்டும் பூசி ஜெபித்தேன்.

அடுத்த முறை கட்டைப் பிரித்தபோது புண்ணைச் சுற்றி ஒரே கறுப்பு. அழுகிவிட்டது என்று அலறிவிட்டேன்.

"அளபேடிம்மா, அழாதீங்க. அது வெள்ளியோட கறை" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி நர்ஸ் சிரித்துக்கொண்டே துடைத்தார். அடியில் புதுச் சதை, குழந்தையின் உதடுபோலச் சிவப்பாக.

கால் தப்பியது. வெள்ளியா, ஜெபமா என்று நான் இன்னும் குழம்புகிறேன். அவரைக் கேட்டால், "கால் என்னுது, டாக்டர், ஆண்டவர் ரெண்டு பேருக்கும் நான் தேங்க்ஸ் சொல்லிட்டேன். உனக்கென்னடி?" என்கிறார்.

இப்போது நோயாளிகளுக்காக ஜெபிக்கப் போனால், கட்டு எங்கே இருக்கிறதென்று முதலில் பார்க்கிறேன். பிரியமானவர்களே, புரியாவிட்டாலும் முழங்காலில் நில்லுங்கள், ஆண்டவர் கோபிக்கமாட்டார். எண்ணெயை நெற்றியில் மட்டும் பூசுங்கள்.