பாலைப்பழக் காட்டில் பள்ளம் தேடினேன்

எண்பத்திரண்டாம் ஆண்டு, பாலைப்பழம் பழுக்கிற காலம். அப்போது நான் தர்மபுரத்தில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர், முல்லைத்தீவுப் பக்கம் காட்டோரத்தில் இருந்த ஒரு சின்னக் கிராமத்துக்கு வகுப்பை ஒரு நாள் கூட்டிப் போகிறேன் என்றார். தேனும் பழமும் வேட்டையுமாகக் காட்டை நம்பியே பல தலைமுறையாக வாழ்கிற சனங்கள் அங்கே இருக்கிறார்களாம். காட்டை அழிக்காமல் காட்டில் சாப்பிடுவது எப்படி என்று நேரில் பார்க்கலாமாம். உண்மையைச் சொன்னால் எனக்குக் காட்டைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை. ட்ரக்டர் பெட்டியில் ஏறி எங்கேயாவது போகலாம் என்றால் போதும். ஓரிடத்தில் இருக்க மாட்டாத பிறவி நான்.

நாங்கள் எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடி வந்த குடும்பம். லயத்து வீடு, ஆடுகள், அம்மாவின் தையல் மெசின் எல்லாம் அங்கேயே போய்விட்டன. வன்னிக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இந்தத் தரையைப் பார்த்தால் எரிச்சல். மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண் எதிலாவது போய் முட்டும். இங்கே முட்டவே முட்டாது. அந்த எரிச்சலை எல்லாம், வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த, கண்டாவளை ஊரிலிருந்து வருகிற பிள்ளையிடம்தான் கொட்டுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்கிற குடும்பம் அவளுடையது. நான் மலைக்கதை தொடங்கினால் அவள் கொப்பியை விட்டுத் தலை நிமிர்த்த மாட்டாள். "உந்தக் கதையை எத்தினை தரம் சொல்லுவாய்?" என்பாள். அவ்வளவுதான்.

பெண் பிள்ளையாச்சே என்று, என்னைப் போக விட அப்பா யோசித்தார். அம்மா கெஞ்சின பிறகு, "பொழுது சாயுறதுக்குள்ள வந்துரணும், புள்ள. தொலச்சதெல்லாம் போதும்" என்றார். தம்பி தன் பங்குக்கு ஒரு பை நிறையப் பழம் கேட்டான்.

கிராமத்தில் எங்களைக் கூட்டிப் போக ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். அந்த அக்காதான் முன்னால் நடந்தா. காட்டு வாசலில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, ஆளுக்கொரு பச்சைக் குழையை முறித்துக் கொப்பில் போட்டுக் கும்பிடச் சொன்னா. பிறகு சொன்னா, "வழி தப்பினா நடக்காதையுங்கோ. நிண்ட இடத்திலை நிண்டு கூக் காட்டுங்கோ. நாங்கள் வருவம்."

பாலை மரங்களுக்குக் கீழே நல்ல வாசம். மஞ்சள் மஞ்சளாகப் பழம். சாக்கை விரித்துக் கொப்பை உலுக்கினார்கள். ஒரு கொப்பைக்கூட வெட்டவில்லை. உதடு ரெண்டும் பாலில் ஒட்டுகிற வரைக்கும் தின்றோம். ஆனால் எல்லா மரத்திலும் ஒரு பக்கத்தை அவர்கள் தொடவே இல்லை. கேட்டதற்கு அது கரடியின் பங்கு என்றா அந்த அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுதான் தன்னோட பக்கம்னு கரடிக்கு யாருக்கா சொன்னது?"

அவ கோபிக்கவில்லை. பட்டையில் இருந்த நகக்கீறலைத் தொட்டுக் காட்டினா. "அது ஏறுற பக்கத்தைப் பாத்துத்தான் விடுறனாங்கள், பிள்ளை. ஒண்டைப் பற்றி யோசிக்கேக்கை அதின்ர காலாலை யோசிக்கோணும்."

சேர் அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் குந்தி இருந்து எழுதினார்கள். எனக்குக் கால் அரித்தது. அதோடு ஒன்றுக்குப் போக வேண்டும் போலவும் இருந்தது. கண்டாவளைப் பிள்ளையைத் துணைக்குக் கூப்பிட்டேன். எழுதி முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். என்னால் பொறுக்க முடியவில்லை, தம்பிக்குச் சேர்த்த பழப்பையையும் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன்.

ஒரு பற்றைக்குப் பின்னால் நின்றேன். வகுப்புப் பெடியன்களின் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன். அங்கேயும் கேட்டது. இன்னும் தள்ளிப் போனேன். அலுவல் முடிந்து திரும்பிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. சத்தமும் இல்லை.

கூக் காட்டியிருக்கலாம். ஆனால் காட்டினால் முதலில் ஓடி வருவது பெடியன்கள்தானே. ஏன் இவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். வெட்கம் போய்ப் பயம் வந்து, "கூ" என்று கத்தினபோது பதில் வரவில்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். ஒரு பறவை எழும்பிப் போனது.

நின்ற இடத்தில் நிற்கச் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. நிற்க முடியவில்லை. நின்றால் நெஞ்சு அடித்துக்கொண்டது, நடந்தால் கொஞ்சம் அடங்கியது. அத்தோடு, தொலைந்தால் என்ன செய்வது என்று எனக்குச் சின்ன வயதிலேயே அப்பா சொல்லித் தந்திருந்தார். பள்ளத்தைப் பார்த்து நட, ஆறு வரும். ஆற்றோடு நட, பாலம் வரும். பாலம் வந்தால் லயம் வந்த மாதிரி. மலையில் அது ஒருநாளும் பிழையாய்ப் போனதில்லை.

ஆனால் இந்தத் தட்டைக் காட்டில் பள்ளம் எந்தப் பக்கம்? சொன்னால் சிரிப்பீர்கள். பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் தரையில் வைத்து, எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்த்தேன். அது உருளவில்லை. இன்னோர் இடத்தில் வைத்தேன். அங்கேயும் இருந்த இடத்திலேயே இருந்தது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வந்து இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போனது.

பிறகு தரையில் ஒன்றைக் கண்டேன். மாரி மழையில் ஓடின தண்ணீர் சருகையும் குச்சியையும் ஒரு கோடாக ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. தண்ணீர் ஓடினது என்றால் அதுதானே பள்ளம். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். முள்ளு கிழித்தது. வெயில் சாயத் தொடங்கியது. அப்பா சந்திக்கு வந்து நிற்பார் என்று நினைக்க நினைக்க இன்னும் வேகமாக நடந்தேன்.

வந்து சேர்ந்தது ஆற்றுக்கு இல்லை. காட்டுக்குள் ஒரு சின்னக் குளம், அந்தப் பக்கத்தில் மோட்டை என்பார்கள். பாதி வற்றிச் சேறாகக் கிடந்தது. பாலமும் இல்லை, லயமும் இல்லை. கரை முழுக்கக் காலடி. மான், பன்றி, சட்டி அகலத்தில் யானை. கோடை காலத்தில் காடு முழுவதும் தண்ணீருக்கு வருகிற இடத்துக்கு, பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்து நானே தேடி வந்து நிற்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

அக்கரைப் பற்றை அசைந்தது. கரடி. கறுத்து, சடைத்து, தலையைக் குனிந்து சத்தமாகத் தண்ணீர் குடித்தது. பிறகு மூக்கைத் தூக்கி மணம் பிடித்தது. என் கையில் பை நிறையப் பழம். பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போனேன். ஒரு மரம் முதுகில் இடித்தது. அதோடு ஒட்டி நின்றேன். ஓடித் திரிந்த நான் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆடாமல் நின்றேன். கரடி கரையைச் சுற்றி என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் எனக்குப் பின்னால் "கூ" என்று கேட்டது. ஒன்று இல்லை, பல குரல். கரடி உறுமிவிட்டு அப்படியே பற்றைக்குள் போய்விட்டது. முதலில் வந்தது அந்தப் புருசன், பெண்சாதி, பிறகு சேர். அவர்களையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது கண்டாவளைப் பிள்ளை. வந்ததும் என் முதுகில் ஒரு அடி போட்டாள். பிறகு கட்டிப் பிடித்து அழுதாள்.

திரும்பி நடக்கும்போது சேர்தான் நடந்ததைச் சொன்னார். என்னைக் காணவில்லை என்றதும் எல்லாரும் வந்த பாதையிலேயே தேட ஓடியிருக்கிறார்கள். அந்த அக்கா மறித்து, "அந்தப் பிள்ளை எங்கை போகப் பாக்கும் எண்டு தெரிஞ்ச ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டிருக்கிறா. ஒருவருக்கும் தெரியவில்லை. கண்டாவளைப் பிள்ளை மட்டும், "அவள் பள்ளத்தைத் தேடுவாள், தண்ணி இருக்கிற இடம் எங்கை?" என்றாளாம்.

நான் அவளைப் பார்த்தேன்.

"நீதானே ஒவ்வொரு நாளும் சொல்லுறனி, பள்ளத்தாலை போனா ஆறு, ஆத்தாலை போனாப் பாலம் எண்டு. எனக்கு மனப்பாடமாப் போச்சு" என்றாள், பெரிய எரிச்சலோடு.

தர்மபுரத்துக்கு இருட்டித்தான் வந்தோம். அப்பா சந்தியில் நின்றார். ஏச வாயெடுத்தவர், என் கையில் இருந்த கீறல்களைப் பார்த்துவிட்டுத் தோளில் கை போட்டுக் கூட்டிப் போனார். வீட்டில் தம்பி பழம் எங்கே என்று கேட்டான். கரடிக்குக் குடுத்துட்டேன் என்றேன். அவன் இன்றைக்கு வரைக்கும் அதை நம்பவில்லை.

அந்தக் கிராமத்துச் சனங்களைப் பற்றி நான் பிறகு எழுதின குறிப்புக்குச் சேர் நல்ல புள்ளி போட்டார். எனக்கு அதில் ஒரு வசனம்தான் ஞாபகம். ஒன்றைப் பற்றி யோசிக்கும்போது அதன் காலால் யோசிக்க வேண்டும். நான் சிரித்துத் தள்ளினதைக் கண்டாவளைப் பிள்ளை அதே நாளில் செய்து காட்டிவிட்டாள்.

அதன் பிறகு யுத்தம் எல்லாரையும் மூலைக்கொருவராக விரட்டியது. ஒரு இடப்பெயர்வில் கண்டாவளைப் பிள்ளையின் குடும்பமும் போனது. எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டுத் திரிந்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. இருந்து யோசித்தால், அவளுடைய யாழ்ப்பாணத்து ஊர் எது, அவள் எதைக் கண்டு பயப்படுவாள், தொலைந்தால் எந்தப் பக்கம் நடப்பாள், ஒன்றுமே எனக்குத் தெரியாது. பேசினது எல்லாம் நான். தேட வேண்டும் என்று கால் பரபரக்கிறது, ஆனால் அவள் காலால் யோசிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் இப்போதெல்லாம் யாராவது தங்கள் ஊர்க்கதையை ஓயாமல் சொன்னால், ஓரிடத்தில் இருக்க மாட்டாத நான், எழும்பிப் போகாமல் கடைசி வரைக்கும் இருந்து கேட்கிறேன்.