ஜெகதீஸ்வரியின் முழங்கால்

வெள்ளவத்தையில் ஜெகதீஸ்வரியின் முழங்காலைப் பற்றித் தெரியாத சொந்தக்காரர் இல்லை. அதில் ஒரு நோவும் இல்லை என்பது அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்து அணியில் கோல் போடுகிறவள் அவள்தான். மேல் வகுப்புக்கு வந்தபோது, துள்ளும் ஒவ்வொரு தடவையும் மார்பு வலித்தது. அதை விளையாட்டு மாஸ்டரிடம் எந்த முகத்தோடு சொல்வது? முழங்கால் என்று சொல்லி நின்றுவிட்டாள். கலியாணத்துக்குப் பிறகு முழங்காலும் கூடவே வந்தது. கணவன் புஷ்பராஜ் தங்கமான மனுஷன். வெள்ளிக்கிழமை தவறாமல் வாத எண்ணெய் பூசி உருவிவிடுவார். அவளும் மரியாதைக்கு இடைக்கிடை முனகுவாள்.

இந்த வருடம் அவள் வேலை செய்யும் கந்தோரின் வலைப்பந்து அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. விளையாட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. காலி வீதிக் கடையொன்றில் ஏறி, வெங்காயம் கேட்கிற குரலில் ஸ்போர்ட்ஸ் பிரா கேட்டாள். விற்பனைப் பெண் ஷிஹாரா மூன்றைக் கொடுத்து ஃபிட்-ஓன் அறையைக் காட்டினாள்.

இறுக்கமாக இருந்தால் நல்லது என்று முதலாவதைப் போட்டாள். மூச்சு வரவில்லை. இரண்டாவது, கையைத் தூக்கியதும் தானும் மேலே ஏறியது. மூன்றாவதின் கீழ்ப்பட்டி அசையாமல் நின்றது, இரண்டு விரல் உள்ளே போயின, தோள்பட்டியும் வெட்டவில்லை.

"துள்ளிப் பாத்தீங்களா அக்கா?" வெளியிலிருந்து ஷிஹாரா கேட்டாள். "பிறகு மாத்தித் தர ஏலாது."

துள்ளினாள். இன்னொரு தடவை துள்ளினாள். எங்கும் வலிக்கவில்லை. இத்தனை வருடம் இப்படியே போயிற்றே என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்துத்தான் வெளியே வந்தாள்.

பயிற்சி ஆட்டத்தில் அவள் கோல் மேல் கோல் போட்டாள். மைதான ஓரத்தில் நின்ற புஷ்பராஜுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எல்லாம் நான் பூசின எண்ணெய்தான்," என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். அந்த முகத்துக்காக ஜெகதீஸ்வரி முழங்காலை நன்றியோடு தடவிக் காட்டினாள்.

கந்தோரில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி, கொட்டாஞ்சேனை புளோறன்ஸ், முழங்கால் நோவென்று எப்போதும் மைதான ஓரத்து வாங்கிலேயே உட்கார்ந்திருப்பவள். ஆட்டம் முடிந்ததும் புஷ்பராஜ் ஓர் எண்ணெய்ப் போத்தலை அவளிடம் நீட்டினார். "தங்கச்சி, இதப் பூசுங்கோ. அடுத்த மாசம் நீங்களும் ஓடுவியள்."

"ஓம் அண்ணை," என்று புளோறன்ஸ் பவ்வியமாக வாங்கிக்கொண்டாள். அவர் அப்பால் போகும்வரை பொறுத்திருந்து, ஜெகதீஸ்வரியின் பக்கம் சாய்ந்தாள்.

"எனக்கும் இதே முழங்கால்தான் அக்கா. எந்தக் கடை?"