முதுகால் நடித்தவன்

என் மகளுக்குப் பிடித்த கொரியக்காரன் முதலில் ஓர் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தவன். பின்வரிசையில், தலைமயிர் முகத்தை மூட. பிறகு பாடினான். பிறகு தொடர்நாடகங்களில் நடிக்கப் போனான். இப்போது எங்கள் வீட்டு ரீவியில் அவனுடைய அம்மா செத்துக்கிடக்கிறாள். அவன் ஒரு சொல்லும் பேசாமல் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறான்.

"வசனம் பாடமில்லையாக்கும்," என்றேன். "பாட்டுக்காரன் பாட்டோடை நிக்கவேணும். நடிப்பெண்டது வேறை தொழில்."

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓகே அப்பா. நீங்கள் செய்து காட்டுங்கோவன்."

அது உள்ளே போய்த் தைத்துவிட்டது. என் கவிதைகளுக்கு அவள் தந்த உச்சப் பாராட்டு "லோங்கா இருக்கு" என்பது. சோபாவின் அந்த மூலையிலிருந்து ஒரேயொரு "பரவாயில்லை", அவள் மொழியில் "நொட் பாட்", வாங்கிவிட்டால் போதும், செத்துப்போகலாம் என்றிருந்த காலம். அப்போது பார்த்து, குறும்படம் எடுக்கும் தம்பி ஒருவர் கூப்பிட்டார். அப்பா வேடம். "கவிஞர்தானே அண்ணை, உணர்ச்சி தன்பாட்டிலை வரும்." விட்பி நகரிலிருந்து றிச்மண்ட் ஹில் நகர் வரை தெரிந்தவர் எல்லாருக்கும் சொன்னேன். தெரியாத சிலருக்கும்.

படப்பிடிப்பு ஸ்ரௌவ்வில் நகரில், ஒரு புதுவீட்டில். சுவரில் பெயின்ற் மணம், வெளியே இன்னும் மரம் முளைக்காத தெருவில் பனி, பனிக்குமேல் பனி, வெள்ளைத்தாள்போல என்னை எழுது எழுது என்றது. காட்சி சின்னது. மகள் வீட்டை விட்டுப் போகிறாள். அப்பா சொல்லவேண்டும்: "போறதெண்டால் போ பிள்ளை. கதவு திறந்துதான் கிடக்கும்."

சொன்னேன். குரலை ஏற்றி, ஒருகணம் நிறுத்தி, கையை விரித்து, மறுபடியும் சொன்னேன்: "போறதெண்டால்... போ பிள்ளை!" வாசலைத் தாண்டிய நடிகை, கூப்பிடுகிறேனாக்கும் என்று திரும்பி உள்ளே வந்துவிட்டாள்.

"அண்ணை," என்றார் இயக்குநர் மெதுவாக, "உது கவியரங்கம் இல்லை. ஒருக்காச் சொன்னாப் போதும்."

எனக்குப் போதவில்லை. எத்தனை முறை எடுத்தும் நாக்கு இரண்டாவது தடவைக்குத் தானாகப் போனது. இத்தனை வருடம் மேடையில் ஒவ்வொரு வரியையும் இருமுறை சொல்லிக் கைதட்டு வாங்கிய நாக்கு. கடைசியில் அவர் என்னை யன்னல் பக்கம் திருப்பிவிட்டார். "ஒண்டும் கதையாதேங்கோ. வெளியிலை பாருங்கோ."

திரையிடலன்று மகளும் பக்கத்தில் இருந்தாள். படத்தில் வந்தது என் முதுகு. முழுவதும் முதுகு. முடிந்ததும், எங்கள் வழக்கப்படி, மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பின்வரிசையில் ஒரு குரல்: "அண்ணை, ஒருக்கா அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கோ, அப்பத்தான் ஆளைத் தெரியும்." மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

காரில் பொன்னாடை மடியில் கிடக்க, மகள் வெளியே பார்த்தபடி சொன்னாள்: "அந்தக் கொரியக்காரன்ரை முதல் டிராமாவிலையும் முகம் வரேல்லை அப்பா. ஹெல்மெற் போட்ட டெலிவரிக்காரன்."

நான் ரேடியோவைக் குறைத்தேன்.

"உங்கடை முதுகு, நொட் பாட்."

அன்றிலிருந்து கடைத்தெருப் பிளாசாக்களில் நிமிர்ந்தே நடக்கிறேன். பின்னால் யார் வருகிறார்களோ.